48 வயதில் மாத்திரையை நிறுத்தலாமா: ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கே வரும் பெண் ஒரே ஆள் இல்லை. ஒரே கேள்வியோடு வந்த சிலரின் விவரங்களைக் கலந்து, யார் என்று தெரியாதபடி மாற்றி எழுதியிருக்கிறேன். மருத்துவத்தை மாற்றவில்லை.

அவருக்கு வயது 48. இரண்டு பிள்ளைகள், இரண்டும் சுகப்பிரசவம். புகைப் பழக்கம் இல்லை, சர்க்கரை இல்லை. பதினொரு வருடமாகக் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறார். எத்தினைல் எஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜென் 30 மைக்ரோகிராமும் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற புரோஜெஸ்டோஜென் 150 மைக்ரோகிராமும், ஆக இரண்டு ஹார்மோன் சேர்ந்த சாதாரணக் கூட்டு மாத்திரை. 21 நாள் சாப்பிட வேண்டும், 7 நாள் விட வேண்டும். 37 வயதில் தொடங்கியபோது காரணம் இரண்டு. மூன்றாவது குழந்தை வேண்டாம் என்பது ஒன்று. மாதவிலக்கு வந்தால் ஐந்து நாள் வீட்டை விட்டு நகர முடியாத அளவுக்கு ரத்தப்போக்கு இருந்தது மற்றொன்று.

"இதை இன்னும் சாப்பிடணுமா டாக்டர்? இந்த வயசுல இனிமே எங்க தங்கப்போகுது?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே பையிலிருந்து ஒரு ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்து நீட்டினார். ஒரு வருடம் முன்பு எங்கோ எடுத்தது. எஃப்எஸ்எச் என்ற ஹார்மோனின் அளவு 5. "இன்னும் மெனோபாஸ் வரலைன்னு அப்போ சொன்னாங்க. மாசாமாசம் தேதி தவறாம வருது. அப்போ நிக்கலைன்னுதானே அர்த்தம்?"

அவர் சொன்ன இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இனிமேல் கரு தங்காது. ஆனால் மாதவிலக்கு இன்னும் நிற்கவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் நம்புகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, கூட்டு மாத்திரை அப்படித்தான் ஆளைக் குழப்பும்.

தேதி தவறாமல் வருவது எது?

மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு மாதாமாதம் வருவது உண்மையான மாதவிலக்கு இல்லை. சினைப்பை தூங்கிக்கொண்டிருக்கிறது. கருப்பையின் உள்சவ்வு மாத்திரையின் ஹார்மோனை நம்பி நிற்கிறது. ஏழு நாள் மாத்திரையை விட்டால் அந்தப் பிடி போய்ச் சவ்வு உதிர்கிறது, அவ்வளவுதான். 1960இல் அமெரிக்காவில் முதல் கருத்தடை மாத்திரைக்கு அனுமதி கிடைத்ததே இந்த இடைவெளி முறையோடுதான். இயற்கையான மாதச் சுழற்சி போலவே தெரியட்டும் என்று வைத்த ஏற்பாடு அது. உடம்புக்கு அது தேவை என்பதால் வைத்ததில்லை.

அதனால் சினைப்பை ஓய்வெடுத்துவிட்ட 52 வயதுப் பெண்ணுக்கும் கூட்டு மாத்திரை கொடுத்தால் மாதாமாதம் ரத்தம் வரும். நின்றுவிட்டதா இல்லையா என்று அதை வைத்துச் சொல்லவே முடியாது.

பரிசோதனைத் தாளுக்கும் அதே கதிதான். எஃப்எஸ்எச் என்பது மூளையின் அடிப்பகுதியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி சினைப்பையைத் தட்டி எழுப்ப அனுப்பும் ஹார்மோன். சினைப்பை தளரத் தளர அது கூடும். ஆனால் மாத்திரையிலுள்ள ஈஸ்ட்ரோஜென் பிட்யூட்டரியையே அடக்கி வைத்திருக்கும். மாத்திரை சாப்பிடும்போது எடுத்த 5 என்ற எண்ணுக்கு அர்த்தம், மாத்திரை வேலை செய்கிறது என்பது மட்டும்தான். அந்தத் தாளை மடித்து அவரிடமே கொடுத்துவிட்டேன். வீண் செலவு என்று வாய் வரை வந்தது, சொல்லவில்லை.

கேட்காத கேள்விகள்

அவர் கேட்டது தேவையைப் பற்றி. எனக்குக் கவலை வேறு பக்கம். 37 வயதில் எழுதிக் கொடுத்த மாத்திரையை 48 வயதில் அதே உடம்பு சாப்பிடவில்லையே. நடுவில் ஒருமுறையாவது யாராவது ரத்த அழுத்தம் பார்த்தார்களா? "அட்டை தீர்ந்தா கடையில வாங்கிக்குவேன்" என்றார்.

பார்த்தேன். 148/94. பத்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி பார்த்தேன். 146/92. டாக்டரைக் கண்டால் ஏறும் பிபியாகவும் இருக்கலாம் என்று, வீட்டில் ஒரு வாரம் காலை மாலை அளந்து எழுதி வரச் சொன்னேன். அதன் சராசரி 144/91. அப்புறம் சந்தேகம் இல்லை.

தலைவலி உண்டா என்றதற்கு, "தலைவலி யாருக்குத்தான் இல்லை" என்று சிரித்தார். நான் அங்கேயே விட்டிருப்பேன். வெளியே வேறு கூட்டம். ஏதோ தோன்றி இன்னொரு கேள்வி கேட்டேன்: "வலி தொடங்குறதுக்கு முன்னாடி கண்ணுக்கு ஏதாவது தெரியுமா?" அவர் சற்று யோசித்தார். ஒரு வருடமாகச் சில தடவை, பார்வையின் ஓரத்தில் ஒரு மின்னும் கோடு வரும், வளைந்து வளைந்து பெரிதாகும், எழுத்து படிக்க முடியாது, இருபது நிமிடத்தில் போய்விடும், பிறகு ஒரு பக்கம் தலை இடிக்கும் என்றார். கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

கண்ணில் கோளாறில்லை. ஆரா என்கிற முன்னறிகுறியோடு வரும் ஒற்றைத் தலைவலி இது. இந்த வகைத் தலைவலி உள்ள பெண்களுக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிடச் சற்று அதிகம். ஈஸ்ட்ரோஜென் உள்ள மாத்திரை அதை மேலும் கூட்டும். கருத்தடை முறைகளை யாருக்குக் கொடுக்கலாம் என்று 1 முதல் 4 வரை வகைப்படுத்தும் உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையில், ஆராவோடு கூடிய ஒற்றைத் தலைவலிக்குக் கூட்டு மாத்திரை 4ஆம் வகை. அதாவது கூடவே கூடாது. 140 முதல் 159 வரையிலான மேல் அழுத்தத்துக்கு அது 3ஆம் வகை, பொதுவாக வேண்டாம். 160ஐ எட்டினால் அதுவும் 4. வயதை மட்டும் பார்த்தால் 40க்கு மேல் 2ஆம் வகைதான், அதாவது கவனத்தோடு கொடுக்கலாம். 48 என்ற எண் இவருக்கு எதிரியே இல்லை. அதோடு சேர்ந்து வந்த இரண்டும்தான் எதிரி.

இன்னொன்றும் சொன்னார். மாத்திரை விடும் அந்த ஏழு நாளில் மட்டும் ராத்திரியில் திடீரென்று உடம்பு கொதித்து வியர்த்துக் கொட்டுகிறது. மாத்திரை தொடங்கினால் சரியாகிவிடுகிறது. ரத்தப் பரிசோதனை சொல்லாததை இந்த ஏழு நாள் சொல்லிவிட்டது. மாத்திரையின் ஈஸ்ட்ரோஜென் விலகும் வாரத்தில், சினைப்பையால் அந்த இடத்தை நிரப்ப முடியவில்லை. மாற்றம் தொடங்கியிருக்கலாம் என்பதற்கு இது ஒரு துப்பு. நிரூபணம் என்று சொல்ல மாட்டேன்.

மாத்திரை வேண்டாம், தடுப்பு வேண்டும்

அன்றே கூட்டு மாத்திரையை நிறுத்தச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி. "அப்போ இனிமே எதுவும் வேண்டாம்ல?"

இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள், டாக்டர்கள் உட்பட. நிறுத்து என்று சொன்னது மாத்திரையை. கருத்தடையை நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை.

சரி, 48 வயதில் உண்மையிலேயே கரு தங்குமா? வாய்ப்பு குறைவு. ஆனால் குறைவு என்பது இல்லை என்றாகாது. மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய சில வருடங்களில் சினைப்பை ஒழுங்காகத் தேய்ந்து அணைவதில்லை, அணைந்து அணைந்து எரிகிறது. மூன்று மாதம் ஒன்றும் வராது, அப்புறம் ஒரு மாதம் முட்டை வெளிவரும். எந்த நாளில் வரும் என்று சொல்ல முடியாது. நாள் கணக்குப் பார்க்கும் முறையை நம்பி இருக்கக் கூடாத வயது ஒன்று உண்டென்றால் அது இதுதான். எஃப்எஸ்எச் இந்த மாதம் உயர்ந்து அடுத்த மாதம் இறங்கும். மாத்திரை சாப்பிடாத பெண்ணுக்கே அதை ஒருமுறை அளந்து முடிவு சொல்ல முடியாது.

தங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். 45க்கு மேல் தங்கும் கருவில் பாதிக்கு மேல் கலைந்துவிடும். 40 வயதுத் தாய்க்கு டவுன் நோய்க்குறியோடு குழந்தை பிறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 100இல் 1, 45 வயதில் அது 30இல் 1. ஏற்கெனவே 146 இருக்கும் பிபி கர்ப்பத்தில் எங்கே போகும் என்பது தனிக் கவலை. இந்த வயதில் கர்ப்பம் தெரிவதே தாமதமாகத்தான். மாதவிலக்கு தள்ளிப்போனால் மெனோபாஸ் என்றே எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். 47இல் மாதவிலக்கு வரவில்லை என்று ஒருவர் சொன்னால் நான் முதலில் எடுக்கச் சொல்வது கர்ப்பப் பரிசோதனை. சிலர் கோபித்துக்கொள்வதும் உண்டு.

எதுவரை தடுப்பு வேண்டும்? பிரிட்டனில் பாலியல், இனப்பெருக்க நலத் துறை மருத்துவர்களின் அமைப்பு வகுத்த விதியைத்தான் நான் பின்பற்றுகிறேன், மனதில் வைத்துக்கொள்ள எளிது. கடைசி மாதவிலக்கு 50 வயதுக்கு முன்பு வந்திருந்தால் அதிலிருந்து இரண்டு வருடம். 50க்குப் பின்பு என்றால் ஒரு வருடம். 55 ஆனதும் பெரும்பாலும் யாருக்கும் தேவையில்லை. இளம் வயதில் நின்றால் ஏன் கூடுதல் காலம் என்றால், அந்தச் சினைப்பை மறுபடி ஒருமுறை விழித்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். நடுவில் ஒரு தடவை ரத்தம் வந்துவிட்டால் கணக்கு முதலிலிருந்து. ஒரு வருடம் முழுக்க வராமல் இருந்து, பிறகு வந்தால் கணக்கை விட்டுவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ஒரு சிக்கல். இந்தக் கணக்கு இயல்பாக மாதவிலக்கு வந்துகொண்டிருப்பவர்களுக்குத்தான் பொருந்தும். ஹார்மோன் முறை எதில் இருந்தாலும் ரத்தப்போக்கை வைத்து எண்ண முடியாது.

எதைத் தேர்ந்தெடுப்பது

ஆணுறை ஒன்றும் மோசமில்லை, கரு தங்கும் வாய்ப்பே குறைந்த வயதில் அதன் பலன் கூடுகிறது. இவர் கணவருக்கு விருப்பமில்லை என்றார். ஆணுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையைப் பற்றியும் பேசினேன். சின்ன அறுவைதான், ஆனால் சுமார் மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்து உறுதியான பிறகே அதை நம்பலாம். மிச்சம் இருக்கும் சில வருடத்துக்கு அது வேண்டுமா என்று அவர்களே யோசிக்கட்டும் என்று விட்டேன். பெண்ணுக்கான அறுவையை நான் எடுக்கவே இல்லை. சில வருடத்தில் தானாக நிற்கப்போகும் ஒன்றுக்கு வயிற்றில் கத்தி வைப்பதற்கு வேறு நல்ல காரணம் இருக்க வேண்டும்.

காப்பர் டி நல்ல முறை. 40 வயதுக்கு மேல் போட்டால் மெனோபாஸ் முடியும் வரை மாற்றாமல் வைத்திருக்கலாம். ஹார்மோன் இல்லை, அதனால் மாதவிலக்கு நிற்பதும் தெளிவாகத் தெரியும். ஆனால் ரத்தப்போக்கைக் கூட்டும். பதினொரு வருடம் முன்பு ரத்தப்போக்குக்காகவே மாத்திரைக்கு வந்தவரிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாத்திரை நின்றதும் அந்தப் பழைய போக்கு திரும்பலாம். இந்த வயதில் பலருக்கு அது தானாகவே கூடும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியில் ஈஸ்ட்ரோஜென் இல்லை. ஆனால் எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும், எலும்பு எப்படியும் இளைக்கத் தொடங்கும் வயது இது. பிபி வேறு உயர்ந்திருக்கிறது. வேண்டாம் என்றேன்.

மிஞ்சியது இரண்டு. ஒன்று, ஈஸ்ட்ரோஜென் இல்லாத புரோஜெஸ்டோஜென் மாத்திரை, டெசோஜெஸ்ட்ரல் 75 மைக்ரோகிராம். இன்னொன்று, கருப்பைக்குள் வைக்கும், லெவோநார்ஜெஸ்ட்ரல் 52 மில்லிகிராம் உள்ள ஹார்மோன் லூப். எனக்குப் பிடித்தது லூப். மருந்து பெரும்பாலும் கருப்பைக்குள்ளேயே வேலை செய்கிறது, ரத்தப்போக்கைப் பெரிதும் குறைக்கிறது. 45 வயதுக்கு மேல் போட்டால் கருத்தடைக்காக 55 வரை அப்படியே இருக்கலாம். அவருக்கு லூப் என்றாலே பயம். "உள்ளே ஒரு பொருள் இருந்தா எனக்குத் தூக்கம் வராது." சரி, மாத்திரையில் தொடங்கலாம் என்றேன். பழைய அட்டையின் கடைசி ஹார்மோன் மாத்திரைக்கு மறுநாளே இதைத் தொடங்க வேண்டும், ஏழு நாள் இடைவெளி என்ற பேச்சே இதில் இல்லை, தினமும் ஒரே நேரம், 12 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் தவறவிட்டதாகக் கணக்கு.

நான் செய்த தவறு

அடுத்த இரண்டு மாதம் ரத்தக் கசிவு. நாலு நாள் வரும், நிற்கும், மறுபடி வரும். புரோஜெஸ்டோஜென் மாத்திரையில் இது வழக்கமானதுதான், முதலிலேயே விளக்கியிருக்க வேண்டும். நான் பக்கவாத ஆபத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில் இதை ஒரு வரியில் கடந்துவிட்டேன். அவர் பயந்துபோய், யாரையும் கேட்காமல் மாத்திரையை விட்டுவிட்டார். மூன்று வாரம் எந்தத் தடுப்பும் இல்லை. கர்ப்பப் பரிசோதனை செய்து, மூன்று வாரம் கழித்து மறுபடியும் செய்து, இரண்டிலும் இல்லை என்று வந்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

கசிவையும் மாத்திரை மேல் பழி போட்டு விட்டுவிட முடியாது. 45 வயதுக்கு மேல் எதிர்பாராத ரத்தப்போக்கு என்றால் கருப்பைச் சவ்வைப் பார்த்தே ஆக வேண்டும். ஸ்கேன் எடுத்தோம், சவ்விலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்பினோம். இயல்பாக இருந்தது. பயாப்ஸியில் வலி இருந்தது, ஆனால் பயந்த அளவு இல்லை என்று அவரே சொன்னார். அப்புறம் லூப் பேச்சை அவரே எடுத்தார்.

லூப் போட்டபோது வயது 48 முடிந்து ஆறு மாதம். இந்த முறை விவரமாகச் சொன்னேன்: முதல் மூன்று முதல் ஆறு மாதம் கசிவு இருக்கும், அதன்பின் குறையும், ஒரேயடியாக நின்றும் போகலாம். "ரத்தம் உள்ளேயே தங்கிடாதா?" என்று கேட்டார். எல்லோரும் கேட்பதுதான். தங்குவதற்கு அங்கே ஒன்றும் உருவாவதில்லை. சவ்வு மெலிந்தே இருக்கும், உதிர எதுவும் இருக்காது. ஐந்தாவது மாதம் நின்றது.

பிபி ஈஸ்ட்ரோஜென் விட்ட மூன்றாவது மாதம் 134/86க்கு வந்தது, பிறகு ஒரு சின்ன அளவு பிபி மாத்திரையோடு அங்கேயே நிற்கிறது. மின்னும் கோடு அடுத்த ஒரு வருடத்தில் ஒரே ஒரு முறை வந்தது.

ஒரு நேர்மைக்காக இதையும் எழுத வேண்டும். கூட்டு மாத்திரை அவருக்குப் பதினொரு வருடம் நல்லதும் செய்தது. ரத்தப்போக்கை அடக்கியது. சினைப்பை, கருப்பைச் சவ்வு இரண்டின் புற்றுநோய் ஆபத்தையும் அது குறைக்கும், நிறுத்திய பிறகும் அந்தப் பலன் பல வருடம் நீடிக்கும். மார்பகப் புற்றுநோய் ஆபத்தைச் சாப்பிடும் காலத்தில் சற்றே கூட்டும், விட்ட பிறகு அது மெல்ல மறையும். கால் ரத்தநாளங்களில் உறைவு வருவதை எடுத்துக்கொண்டால், மாத்திரை சாப்பிடாத பெண்களில் வருடத்துக்கு 10,000 பேரில் சுமார் 2 பேர்; இவர் சாப்பிட்ட லெவோநார்ஜெஸ்ட்ரல் வகையில் 5 முதல் 7 பேர் என்பது ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் சொன்ன கணக்கு. வயது ஏற ஏற அடிப்படை ஆபத்தே கூடும். பிபி சீராக, ஆரா இல்லாமல், புகைக்காமல், உடல் எடை மிகாமல் இருக்கும் 46 வயதுப் பெண் கூட்டு மாத்திரையைத் தொடரலாம். 50இல் மட்டும் மாற்றிவிட வேண்டும். அவர் புகைப்பவராக இருந்தால் 35 வயதிலேயே கதவு மூடிவிடும்.

51இல் மறுபடி வந்தார்

இரவு வியர்வை. தூக்கம் இல்லை. எரிச்சல். லூப் இருப்பதால் மாதவிலக்கு இல்லை, அதனால் நின்றுவிட்டதா என்று நாள் எண்ணிச் சொல்லவும் வழியில்லை. இப்போது எஃப்எஸ்எச் எடுத்தால் அர்த்தம் உண்டு, ஏனென்றால் உடம்பில் மாத்திரை ஈஸ்ட்ரோஜென் இல்லை, வயதும் 50ஐத் தாண்டிவிட்டது. எடுத்தோம், 48 வந்தது. 30க்கு மேல் இருந்தால் இன்னும் ஒரு வருடம் தடுப்பு போதும் என்பது விதி. லூப் எப்படியும் உள்ளே இருக்கிறது, அவசரமில்லை.

வியர்வைக்கு ஹார்மோன் சிகிச்சை கேட்டார். "முன்னாடி ஈஸ்ட்ரோஜென் கூடாதுன்னீங்க, இப்போ அதையே தர்றீங்க?" நியாயமான கேள்வி. கருத்தடை மாத்திரையில் இருப்பது வீரியம் மிக்க செயற்கை ஈஸ்ட்ரோஜென், சினைப்பையை அடக்கும் அளவுக்கு. தோலில் ஒட்டும் பட்டையில் இருப்பது உடம்பு சுரக்கும் அதே எஸ்ட்ரடையால், இழந்ததில் ஒரு பங்கை ஈடுசெய்யும் அளவுதான். வாய் வழியாகப் போய்க் கல்லீரலைத் தாண்டாததால் ரத்த உறைவு ஆபத்தையும் அது கூட்டுவதாகத் தெரியவில்லை. பிபி கட்டுப்பாட்டில் இருந்தால், ஆரா வரலாறு உள்ளவருக்கும் பட்டை கொடுக்கலாம். கருப்பை உள்ளவர்களுக்குத் தனி ஈஸ்ட்ரோஜென் கொடுத்தால் சவ்வு தடித்துவிடும், அதைக் காக்க புரோஜெஸ்டோஜென் வேண்டும். அது ஏற்கெனவே லூப்பில் இருக்கிறது.

இந்தப் பட்டை மட்டும் கருத்தடை ஆகாது. முட்டை வெளிவருவதை அது தடுக்காது. ஹார்மோன் சிகிச்சை தொடங்கியதும் தடுப்பைக் கைவிட்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் யாரிடமும் இரண்டு தடவை சொல்வேன்.

லூப்பின் ஆயுள் இப்போது மாறுகிறது. கருத்தடைக்கு மட்டும் என்றால் 55 வரை போதும். ஈஸ்ட்ரோஜெனோடு சேர்ந்து சவ்வைக் காக்கும் வேலைக்கு ஐந்து வருடம்தான். போட்டது 48 அரையில், ஆகவே பட்டை தொடர்ந்தால் 53 அரையில் மாற்ற வேண்டும். அவர் கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் அந்த மாதத்தை எழுதி வைத்திருக்கிறேன்.

போன மாதம் வழக்கமான பரிசோதனைக்குத் தங்கையையும் கூட்டி வந்தார். தங்கைக்கு வயது 44. அக்கா நிறுத்தியபோது வீட்டில் மிச்சமிருந்த நாலு அட்டையில் தொடங்கி, அதே கூட்டு மாத்திரையை இன்றுவரை கடையில் வாங்கிச் சாப்பிடுகிறாராம். அக்காவுக்கே இப்போதுதான் தெரிந்ததாம். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "தலைவலிக்கு முன்னாடி கண்ணு மின்னுமான்னு கேட்டுட்டேன் டாக்டர். மின்னாதாம். சிகரெட்டும் இல்லை. பிபி மட்டும் நீங்க பாருங்க."